ஜேசிபி வருமுன் ஒரு தள்ளுவண்டி

இனயம் என்ற கடலோர ஊரின் கடப்புறத்து ரோட்டில் புதிதாகக் குழாய் பதிக்க ஜேசிபி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே ஏற்கெனவே குடிநீர்க் குழாய், இன்டர்நெட் கேபிள், யாரோ எப்போதோ இழுத்துவிட்ட மின்கம்பி எல்லாம் கிடக்கலாம். தோண்டாமலே அவற்றின் இடத்தையும் ஆழத்தையும் வரைபடமாக்குவதற்கென்றே சர்வேயர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தள்ளிக்கொண்டு நடக்கிற ரேடார் வண்டி, பார்வைக்குக் குழந்தையை உட்காரவைக்கும் தள்ளுவண்டி மாதிரிதான்.

வண்டியின் அடியிலுள்ள ஆன்டெனா மண்ணுக்குள் ரேடியோ அலையை விடுகிறது. அலை குழாயில் பட்டுத் திரும்ப 20 நானோ நொடி ஆகிறது என்றால் குழாய் எவ்வளவு ஆழத்தில்? உலர்ந்த மணலில் அலை நானோ நொடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும். போகவர 3 மீட்டர். ஆழம் ஒன்றரை மீட்டர். அதே மணல் மழையில் நன்றாக ஊறியிருந்தால் வேகம் சுமார் 6 செ.மீ.தான். அப்போது அதே 20 நானோ நொடிக்கு ஆழம் வெறும் 60 செ.மீ.! ஈரத்தைத் தப்பாகக் கணித்தால் ஜேசிபியின் பல் நேரே குழாயில்தான் இறங்கும்.

திரையில் குழாய் குழாயாகத் தெரியாது. கவிழ்த்த வில்லாகத் தெரியும். வண்டி நெருங்க நெருங்கத் தூரம் குறைகிறது, தாண்டியதும் கூடுகிறது. அதனால் அந்த வளைவு. வில் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை வைத்தே அலையின் வேகத்தையும் கணக்கிடலாம். மூத்த சர்வேயரின் அனுபவம் பேசுகிற இடம் இது.

இனயத்தில் சிக்கல் கடல். மின்சாரத்தைக் கடத்தும் உப்புத் தண்ணீர் ரேடார் அலையை விழுங்கிவிடும். உவர்நீர் ஊறிய மண்ணுக்குக் கீழே எதுவும் தெரியாது. அங்கே லொக்கேட்டர் என்ற இன்னொரு கருவி கைகொடுக்கும். இரும்புக் குழாயில் மின்சமிக்ஞை செலுத்தி, அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை மேலிருந்து பிடிப்பது அது. பிவிசி குழாயிடம் இந்த வித்தை பலிக்காது, பதிக்கும்போதே கூடவே ஒரு கம்பியை ஓடவிட்டிருந்தாலொழிய.

ஆக, கருவியை மட்டும் நம்ப முடியாது. 2014இல் வந்த பாஸ் 128 என்ற பிரிட்டிஷ் விதிமுறை கருவியை மூன்றாவதாக வைத்தது. முதலில் பழைய வரைபடங்கள். அடுத்து, மேலே தெரிகிற மூடிகளையும் வால்வுகளையும் நேரில் பார்ப்பது. அதற்குப் பிறகே ரேடார். நம் ஊரில் இதில் ஊராட்சிக்கு வால்வு திறந்துவிடுகிற ஆளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் தலைக்குள் இருக்கிற வரைபடம் பல அலுவலகங்களில் இருக்காது.

குழாய் அடிபடுவது வெறும் தண்ணீர் வீணாகிற விஷயம் அல்ல. பெல்ஜியத்தின் கிலாங்கியானில், முன்பு நடந்த கட்டுமான வேலையில் அடிபட்டிருந்த எரிவாயுக் குழாய் 2004 ஜூலை 30 அன்று வெடித்து 24 பேர் இறந்தார்கள். இந்தியாவில், தோண்டுகிறவரும் குழாய், கேபிள்களுக்குச் சொந்தக்காரரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி 2023 மார்ச்சில்தான் வந்தது.

சர்வேயின் கடைசிப் படி சோதனைக் குழி. சந்தேகமான இடத்தில் மட்டும் மண்வெட்டியால், மெல்ல. குழாயின் முதுகு தெரிந்ததும் சர்வேயர் குனிந்து, ரோட்டு மட்டத்திலிருந்து டேப்பை இறக்குகிறார்.