எண்ணெயோடும் சேரும், தண்ணீரோடும் சேரும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரச்சாமான் பட்டறைகளில் ஒரு தலைவலி தொடங்கும். தேக்குக் கட்டிலுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்து முடித்திருப்பார்கள். பளபளக்க வேண்டிய பரப்பில் சற்று நேரத்திலேயே வெள்ளை படரத் தொடங்கிவிடும். லேக்கரில் கலந்த தின்னர் வெகு வேகமாக ஆவியாகிறது. போகும்போது பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, காயாத படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை. இதற்கு அனுபவசாலிகள் கைவசம் வைத்திருக்கும் மருந்து, தின்னரோடு கொஞ்சம் 'ரிட்டார்டர்'. அப்படி விற்கப்படும் பல கரைசல்களில் இருப்பது பியூட்டைல் செல்லோசால்வ்.

பியூட்டைல் கிளைக்கால் என்றும், 2-பியூட்டாக்சிஎத்தனால் என்றும் இதே பொருளுக்குப் பெயர்கள் உண்டு. நிறமில்லாத திரவம், லேசான இனிப்பு மணம். அசிட்டோன் 56 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும், இதற்கு 171 டிகிரி தேவை. ஆவியாவதில் அவசரமே கிடையாது. அதனால் படலத்தில் கடைசிவரை தங்கி, ஈரம் வெளியேற அவகாசம் கொடுத்து, பரப்பைச் சமன் செய்துவிட்டுத்தான் இது கிளம்பும்.

கிளைக்கால் ஈதர் என்ற பெரிய குடும்பத்தில் இது ஓர் உறுப்பினர். பியூட்டனால் என்ற ஆல்கஹாலோடு எத்திலீன் ஆக்சைடு வாயுவை வினைபுரியவைத்து இதைத் தயாரிக்கிறார்கள். உலகின் பெரும்பாலான ஆலைகளில் எத்திலீன் ஆக்சைடுக்கு மூலம் பெட்ரோலியமும் இயற்கை எரிவாயுவும்தான். கரும்பிலிருந்தும் அதைச் செய்யலாம். உத்தராகண்டின் காசிப்பூரில் உள்ள இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம், சர்க்கரை ஆலைகளின் மொலாசஸிலிருந்து கிடைக்கும் எத்தனாலைக் கொண்டு கிளைக்கால் வகைப் பொருட்களைத் தயாரித்துப் பெயர் பெற்றது.

இரண்டு முகம்

இதன் மூலக்கூறின் ஒரு முனையில் ஆல்கஹாலில் உள்ளது போன்ற ஹைட்ராக்சில் தொகுதி. அதற்குத் தண்ணீரோடு ஒட்டுறவு. மறுமுனையில் நான்கு கார்பன் கொண்ட பியூட்டைல் சங்கிலி. அதற்கு எண்ணெய், கிரீஸ், பிசின் எல்லாம் சொந்தம். நடுவில் இரண்டையும் இணைக்கும் ஆக்சிஜன். மாமியாரிடமும் மருமகளிடமும் ஒரே நாளில் நல்ல பெயர் வாங்கும் ஆள் போல, ஒன்றோடொன்று சேராத இரண்டு திரவங்களை இது சேர்த்துவைக்கிறது.

ஆனால் அந்த ஒற்றுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கால் பங்கு பியூட்டைல் செல்லோசால்வும் முக்கால் பங்கு தண்ணீரும் அறை வெப்பத்தில் தெளிவாகக் கலந்து நிற்கும். சூடாக்கினால் சுமார் 49 டிகிரியில் கலங்கி, இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். சூடு ஏறினால் எல்லாம் நன்றாகக் கரையும் என்பதுதான் சமையலறை அனுபவம். இங்கே நடப்பது நேர்மாறு. தண்ணீரையும் இந்த மூலக்கூறையும் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் வெப்பத்தில் தளர்ந்துபோவதே காரணம். ஏறத்தாழ 130 டிகிரிவரை அழுத்தத்தோடு சூடாக்கினால் இரண்டும் மறுபடியும் கலந்துவிடுகின்றன.

கார் முதல் கண்ணாடிவரை

கிளைக்கால் ஈதர்களுக்கு வாழ்வு கொடுத்தது மோட்டார் கார். 1920களின் தொடக்கம்வரை காருக்கு வண்ணமடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். டியூபான்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை ஜெனரல் மோட்டார்ஸ் கையில் எடுத்ததும் அந்தக் காலம் மணிக்கணக்காகச் சுருங்கியது. புதிய லேக்கர்களுக்குப் புதிய கரைப்பான்கள் தேவைப்பட்டன. செல்லோசால்வ் என்ற வணிகப் பெயரில் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, போபால் விஷவாயுக் கசிவால் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துபோன அதே யூனியன் கார்பைடு குழுமம்.

இன்று வீட்டுச் சுவருக்கு அடிக்கும் நீர் கலந்த பெயின்டுகளிலும் கிளைக்கால் ஈதர்களுக்கு வேலை உண்டு. அந்தப் பெயின்டில் பிசின் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. முதலில் தண்ணீர் காய்கிறது. பின்தங்கி நிற்கும் கிளைக்கால் ஈதர் அந்த உருண்டைகளை இளக்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகும்படி செய்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவம், இயந்திரங்களின் கிரீஸைக் கழுவும் கரைசல், அச்சு மை என்று பட்டியல் நீளும். கிரீமிலும் ஷாம்பூவிலும் கெடாமல் காக்கச் சேர்க்கும் ஃபீனாக்சிஎத்தனாலும் இந்தக் குடும்பம்தான். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 1 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது.

டிஸ்க் பிரேக் உள்ள பைக் வைத்திருக்கும் யாரும் கிளைக்கால் ஈதரைத் தவிர்க்க முடியாது. அந்த பிரேக்கின் சிறு டப்பாவில் இருக்கும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்களில் முக்கியப் பொருள் இந்த வகைச் சேர்மங்களே. இவை காற்றின் ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே போதும் என்று அந்த அளவு இறங்கிவிடுகிறது. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் குறித்த காலத்தில் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். அது சிந்தினால் டேங்கின் பெயின்டு உரிவதும், இது கரைப்பான் குடும்பம் என்பதால்தான்.

அண்ணன்மார் செய்த கேடு

இதே குடும்பத்தின் மூத்த இருவர் மெத்தில், எத்தில் செல்லோசால்வ். கார்பன் சங்கிலியில் இரண்டு மூன்று கண்ணிதான் வித்தியாசம். உடலுக்குள் போனால் விளைவு வேறு. விலங்குச் சோதனைகளில் இவை விந்தணு உற்பத்தியையும் கருவின் வளர்ச்சியையும் பாதித்தன. இவை கலந்த பெயின்டைப் பயன்படுத்திய அமெரிக்கக் கப்பல் தள ஊழியர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறைந்திருப்பது 1980களில் தெரியவந்தது. சிப் தயாரிப்பில் ஒளி உணர் பூச்சுக்கு இவையே கரைப்பானாக இருந்தன. அந்த அறைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்ற சந்தேகம் முதலில் மசாசூசெட்ஸ் ஆலை ஒன்றில் எழுந்தது. ஐ.பி.எம். ஊழியர்களிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும், வேறு பல நிறுவனங்களின் ஊழியர்களிடம் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வுகள் 1992இல் அதை வலுப்படுத்தின. சிப் தொழில் படிப்படியாகப் புரொப்பிலீன் கிளைக்கால் ஈதர்களுக்கு மாறிக்கொண்டது.

பியூட்டைல் செல்லோசால்வ் மேல் அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. அதன் சிக்கல் வேறு. மதுவைச் சிதைக்கும் அதே நொதி, கல்லீரலில் இதை பியூட்டாக்சி அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. எலிகளில் இந்த அமிலம் சிவப்பணுக்களை உடைக்கிறது. மனிதச் சிவப்பணுக்கள் இதைப் பெருமளவு தாங்குகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004இல் தன் அபாயகரமான காற்று மாசுப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. கனடாவோ 2006இல், வீட்டுக்குள் பயன்படும் பொருட்களில் இது எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சல் உண்டாக்கும். இது கலந்த திரவத்தைக் குடித்தவர்கள் ரத்தத்தில் அமிலம் ஏறி நினைவிழந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

கவனிக்க வேண்டியது, மூக்கு வழியாக மட்டும் இது உள்ளே போவதில்லை என்பதை. எண்ணெயோடும் தண்ணீரோடும் சேரும் பொருளுக்கு மனிதத் தோல் பெரிய தடையே அல்ல. வேலை முடிந்ததும் தின்னரில் நனைத்த பஞ்சால் முழங்கைவரை துடைத்துக்கொள்வது நம் பெயின்டர்களின் அன்றாட வழக்கம். அந்தத் தின்னரில் என்ன கலந்திருக்கிறது என்பது பல நேரம் டப்பாவில் எழுதியிருப்பதே இல்லை.

பெயின்டு, தின்னர், கிளீனர் வாங்கும்போது பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மெத்தில் அல்லது எத்தில் செல்லோசால்வ் என்றிருந்தால் வேறு பொருள் கேளுங்கள். பியூட்டைல் என்றிருந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து, பியூட்டைல் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்யலாம். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கையில் ஒட்டிய எனாமலுக்குத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும், தின்னர் வேண்டாம்.