ஊர் திரும்பிய பிறகும் புகார் செய்யலாமா?

போன பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம், காலை நிகழ்ச்சியில் 'பெட்டி கட்டியாச்சா?' என்று ஓர் அங்கம் செய்தோம். மலிவு விமானச் சீட்டு, பாலியில் எந்தக் கடற்கரை, ஹாட்யாயில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரே கலகலப்பு. நிகழ்ச்சி முடிந்து எழும்போது நிலையத்தின் புலன எண்ணுக்கு ஒரு தகவல் வந்திருந்தது. பாட்டுக் கேட்டு யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

"அக்கா, இதை ரேடியோல படிச்சிடாதீங்க."

இருபத்தாறு வயதுப் பெண். தோழிகளோடு பாலிக்குப் போனவர். அறைச் சாவி அட்டை வேலை செய்யவில்லை என்று முகப்பில் சொன்னபோது, உதவிக்கு வந்த விடுதி ஊழியரால் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருக்கிறார். விடுதி நிர்வாகி அறை வாடகையைத் திருப்பிக் கொடுத்து, விமான நிலையத்துக்கு டாக்சியும் பிடித்துக் கொடுத்து, "பெரிதாக்க வேண்டாம்" என்றாராம். மறுநாளே ஊர் திரும்பிவிட்டார். அம்மாவிடம் சொன்னபோது, "வெளியே மூச்சு விடாதே" என்று பதில் வந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இங்க ரிப்போட் பண்ணலாமா அக்கா? பண்ணா அவனைப் பிடிப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகச் சட்டம் படித்தேன். அவதூறு, காப்புரிமை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை. என்னோடு படித்து இப்போது வழக்கறிஞராக இருக்கும் தோழியைப் பிடித்தேன். அன்று இரவு இரண்டு மணி நேரம் பேசினோம்.

முதல் பதில் கசப்பானது. குற்றம் எந்த மண்ணில் நடந்ததோ, அந்த நாட்டுப் போலீசும் நீதிமன்றமும்தான் அதை விசாரிக்க முடியும். நம் குற்றவியல் சட்டத்தின் 376வது பிரிவு, வெளிநாட்டில் ஒரு வெளிநாட்டவர் செய்த வல்லுறவை எட்டிப் பிடிக்காது. விதிவிலக்குகள் குறைவு. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் அவற்றில் ஒன்று. மலேசியக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டில் 18 வயதுக்குட்பட்டவரிடம் அத்துமீறினால், அவர் மீது இங்கேயே வழக்குத் தொடுக்கலாம். பெரிய குடும்பமாக, மாமா சித்தப்பாவோடு சுற்றுலா போகிறவர்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஆபத்து எப்போதும் முன்பின் தெரியாதவரிடமிருந்துதான் வரும் என்று சொல்வதற்கில்லை.

அப்படியென்றால் இங்கே புகார் செய்வதில் பயனே இல்லையா? இருக்கிறது என்றாள் தோழி. இங்கே பதிவாகும் புகார் வழக்காக மாறாது. ஆனால் எந்தத் தேதியில் என்ன சொன்னோம் என்பதற்கு அது எழுத்துச் சான்று. பாதிக்கப்பட்டவர்களின் நினைவைத்தான் எதிர்த்தரப்பு முதலில் சந்தேகிக்கும் என்பதால், அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு.

அடுத்தது இந்தோனேசியா. எனக்கு வியப்பளித்த பகுதி இதுதான். அங்கே 2022இல் பாலியல் வன்முறைக் குற்றங்களுக்கென்றே 12ஆம் எண் சட்டம் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தோடு சட்டப்படி செல்லும் வேறு ஓர் ஆதாரம் இருந்தால் குற்றத்தை நிரூபிக்கப் போதும் என்கிறது அது. குற்றவாளி சிறுவனாக இருந்தாலொழிய, இத்தகைய வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வாடகையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. குற்றவாளியிடமிருந்து இழப்பீடு கேட்கவும் அதில் வழியுண்டு.

உடனே திரும்பி ஓட வேண்டுமா என்று அந்தப் பெண் பயந்தார். அங்குள்ள வழக்கறிஞர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து வேலையைத் தொடங்கலாம். ஆனால் வாக்குமூலத்துக்கோ சாட்சியத்துக்கோ நேரில் போக வேண்டி வரலாம். இதை மறைத்துச் சொல்லி அவருக்குத் தைரியம் ஊட்ட நான் விரும்பவில்லை.

ஜாகர்த்தாவில் இருக்கும் நம் தூதரகம் என்ன செய்யும் என்றும் கேட்டார். வழக்கறிஞர்கள், மருத்துவமனைகள் பற்றிய விவரம் தருவார்கள், குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்கள், தொலைந்த கடப்பிதழுக்கு மாற்று ஏற்பாடு செய்வார்கள். அவர்கள் துப்பறியமாட்டார்கள், வழக்குச் செலவையும் ஏற்கமாட்டார்கள். ஆனாலும் சில நாடுகளில் போலீஸ் நிலையத்துக்குப் போகுமுன் தூதரகத்தை அழைப்பதுதான் புத்திசாலித்தனம். 2013இல் துபாயில் வல்லுறவுப் புகார் கொடுத்த நார்வே நாட்டு மாது ஒருவருக்கு, திருமணத்துக்கு வெளியே உறவு கொண்டார் என்பது உள்ளிட்ட குற்றங்களுக்காக 16 மாதச் சிறை விதிக்கப்பட்டது. உலகமே கேள்வி கேட்ட பிறகு மன்னிப்புக் கிடைத்தது. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் ஒவ்வொரு மாதிரி. ஜப்பானில் 2023இல்தான் 'சம்மதமில்லாத உறவு' என்று குற்றத்தின் பெயரையே மாற்றி, வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவை 10 ஆண்டிலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள்.

சரி, விடுதிக்குப் பொறுப்பே இல்லையா? பயண நிறுவனத்துக்கு? இந்தக் கேள்விக்குத் தோழி ஒரு வழக்கைச் சொன்னாள். 2010 ஜூலையில் பிரிட்டன் தம்பதியர் 'குவோனி' என்ற பயண நிறுவனத்தின் மூலம் இலங்கைக்கு 15 நாள் சுற்றுலா போனார்கள். ஒரு நாள் பின்னிரவில் மனைவி விடுதி வளாகத்தில் முகப்புக்கு நடந்து போகிறார். சீருடையில் பணியில் இருந்த மின் பணியாளர் ஒருவர் குறுக்கு வழி காட்டுகிறேன் என்று அழைத்துப் போய் வல்லுறவு செய்தார். அவர் வழக்குத் தொடுத்தது இலங்கையில் அல்ல, தம் சொந்த நாட்டில், பயணத்தை விற்ற நிறுவனத்தின் மீது. உயர் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டிலும் தோல்வி. உச்ச நீதிமன்றம் ஐரோப்பிய நீதிமன்றத்தின் விளக்கம் கேட்டது. 2021 ஜூலை 30ஆம் தேதி, விருந்தினருக்கு வழிகாட்டுவதும் அவர் காசு கொடுத்து வாங்கிய சேவையில் அடக்கம், ஆகவே நிறுவனம் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பதினோரு ஆண்டுகள்! பெயரை வெளியிடாமல், 'எக்ஸ்' என்ற ஓர் எழுத்தோடு போராடிய அந்த மாதை நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தத் தீர்ப்பு நிற்பது பிரிட்டனில் இருந்த தொகுப்புச் சுற்றுலா விதிகளின் மேல். இங்கே அதை அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. இருந்தாலும் யாரிடம் காசு கட்டினோம், ரசீதில் யார் பெயர், ஒப்பந்தத்தில் என்ன சேவை எழுதியிருக்கிறது என்பதெல்லாம் ஒரு சிவில் வழக்குக்கு உயிர். விமானத்தை ஒரு செயலியிலும் அறையை இன்னொரு செயலியிலும் நாமே பதிவு செய்தால், மொத்தப் பயணத்துக்கும் பொறுப்பு என்று கைகாட்ட யாருமில்லை. அப்போது விடுதி மீது, பெரும்பாலும் அந்த நாட்டிலேயேதான் வழக்குப் போட வேண்டியிருக்கும்.

சட்டத்தை விட வேகமாக ஓடுவது நேரம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை அவசர மாத்திரைக்கு ஐந்து நாள். அதிலும் முந்தினால் நல்லது. குளிக்காமல் மருத்துவமனைக்குப் போவது, அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் பிளாஸ்டிக்கில் அல்லாமல் காகிதப் பையில் வைப்பது, கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்க வேண்டாம் என்று விடுதிக்கு எழுத்தில் கேட்பது, அந்த நிலையில் யாருக்குத்தான் இதெல்லாம் தோன்றும்? கூடப் போகும் தோழிக்குத் தெரிந்திருந்தால் போதும். இந்தோனேசியாவில் போலீஸ் எண் 110. அங்கே போலீஸ் கேட்டு மருத்துவர் தரும் 'விசும்' அறிக்கைதான் வழக்கில் முக்கிய ஆதாரம். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155.

ஊர் திரும்பியவர்களுக்கு நம் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் 'ஓஎஸ்சிசி' எனும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இருக்கிறது. சிகிச்சையும் பரிசோதனையும் ஆலோசனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். சம்பவம் எந்த நாட்டில் நடந்தது என்பது சிகிச்சைக்குத் தடையில்லை. தாலியான் காசே 15999. அவாம், டபள்யூஏஓ, பினாங்கில் டபள்யூசிசி போன்ற மகளிர் அமைப்புகளிலும் பேசலாம்.

இன்னொன்று. 'கற்பழிப்பு' என்ற சொல்லை எங்கள் நிகழ்ச்சியில் நாங்கள் விட்டுவிட்டோம். அழிந்தது அவளுடைய எதுவோ என்பது போல அந்தச் சொல் பேசுகிறது. வீடுகளில் அது இன்னும் புழங்குகிறது. அந்தப் பெண்ணின் அம்மாவும் அதைத்தான் சொன்னாராம்.

மறுநாள் எல்லாவற்றையும் அவருக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது: அலமாரி மூலையில் மடித்து வைத்த காகிதப் பை. அன்று அணிந்திருந்த சட்டையைத் துவைக்க மனம் வராமல், தூக்கிப் போடவும் முடியாமல் வைத்திருந்தாராம். போன வாரம் அவரும் அம்மாவும் சேர்ந்தே போலீஸ் நிலையம் போய் வந்தார்கள். ஜாகர்த்தா தூதரகத்துக்கும் கடிதம் எழுதியாகிவிட்டது. பாலிக்குப் போவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விடுப்பு எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.