ஓர் ஆண்டு வாசிப்பும் ஒரு நூலின் தெரிவும்

ஒருவருக்கு மிகப் பிடித்த நூல் எது என்ற வினாவுக்கான விடை, அந்த நூலின் தரத்தை எவ்வளவு சார்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு, அது எந்த நூல்களோடு போட்டியிட்டு முன்னுக்கு வந்தது என்பதையும் சார்ந்திருக்கிறது. ஒரே எழுத்தாளரின் நாவல்களை மட்டும் வாசித்து வந்தவர் தமக்குப் பிடித்த நூலைச் சொல்லும்போது, அவர் உண்மையில் அந்த எழுத்தாளரின் நூல்களுள் ஒன்றையே தெரிவு செய்கிறார். நாவலோடு கவிதை, வரலாறு, நாட்டார் பாடல், இசையாராய்ச்சி, மொழிபெயர்ப்பு எனப் பல தட்டுகளுக்கும் சென்று மீண்டவரின் தெரிவோ வேறு எடையுடையது. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டுமானால் வாசகர் தமது பழகிய தட்டைவிட்டு நகரத்தான் வேண்டும்.

இலங்கையின் பொது நூலகங்கள் பெரும்பாலும் தூயி தசமப் பகுப்பு எனப்படும் முறையில் நூல்களை அடுக்குகின்றன. அமெரிக்க நூலகர் மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட இம்முறை, அறிவுத்துறைகளைப் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கிறது. நூலின் முதுகில் ஒட்டப்பட்டுள்ள சிறு துண்டில் 297 என்றிருந்தால் அது இஸ்லாம், 398 என்றால் நாட்டார் வழக்காறு, 780 என்றால் இசை, 894.811 என்றால் தமிழ் இலக்கியம். ஒரு வாசகர் ஓராண்டில் இரவல் பெற்ற நூல்களின் இந்த எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அவர் அகல வாசித்தாரா, அல்லது ஒரே எண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தாரா என்பது நூற்பெயர்களைப் படிக்காமலே தெரிந்துவிடும். வாசித்த நூல்களின் தொகையைப் பெருமையாகச் சொல்லும் வழக்கத்தைவிட இந்தச் சோதனை நேர்மையானது.

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், காரைதீவுக்கும் கல்முனைக்குடிக்கும் இடையே அமைந்த சாய்ந்தமருதில் இவ்வினா சற்று வேறு முகம் கொள்கிறது. இப்பகுதியில் எழுதப்பட்ட நூல்கள் பல, ஆசிரியரின் கைப்பணத்தில் சில நூறு பிரதிகளாக அச்சாகி, வெளியீட்டு விழாவில் பாதியும் நண்பர்களின் கையில் மீதியுமாகக் கரைந்துபோனவை. கடைக்கு வந்தவை குறைவு, மறுபதிப்புக் கண்டவை அதனினும் குறைவு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தின் வீடுகளோடு, அவற்றின் அலுமாரிகளில் இருந்தவற்றையும் கொண்டுபோயிற்று. ஆகவே இங்கு பரந்து வாசிக்க விரும்புபவருக்கு, எதை வாசிப்பது என்ற வினாவுக்கு முன்னால், எவையெல்லாம் எழுதப்பட்டன என்ற வினா வந்து நிற்கிறது.

அந்த வினாவுக்கு விடை தேடியவர்களுள் சாய்ந்தமருதைச் சேர்ந்த கல்விமான் எஸ்.எச்.எம். ஜெமீல் குறிப்பிடத்தக்கவர். கல்முனை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் பின்னர் அரசின் உயர் பதவிகளிலும் இருந்த இவர், இலங்கை முஸ்லிம்கள் தமிழில் எழுதிய நூல்களைத் தேடித் தொகுத்து, 'சுவடி ஆற்றுப்படை' என்ற நூற்பட்டியலை 1990களிலிருந்து பல பாகங்களாக வெளியிட்டார். நூற்பட்டியல் எனப்படுவது, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு போன்ற விபரங்களை ஒழுங்குபடுத்தித் தரும் உசாத்துணைத் தொகுப்பாகும். பரிசில் பெற்று வந்த கலைஞன் எதிர்ப்பட்ட கலைஞனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும் சங்ககால இலக்கிய வகையே ஆற்றுப்படை என்பதை நினைத்தால், வறண்ட விபரத் தொகுப்பொன்றுக்கு அப்பெயரைச் சூட்டிய குறும்பும் பொருத்தமும் விளங்கும். இத்தகைய தொகுப்பு எந்த நூலையும் சிறந்தது என்று சொல்வதில்லை. ஆனால் தெரிவு செய்வதற்கான களத்தை அது விரித்து வைக்கிறது. அதே ஜெமீல் கிழக்கின் நாட்டார் பாடல்களைத் திரட்டிக் 'கிராமத்து இதயம்' என்ற தொகுப்பையும் தந்தார் என்பதால், பட்டியலிட்டவரே பட்டியலில் இடம்பெறத்தக்க நூலொன்றையும் ஊருக்குக் கொடுத்தவராகிறார்.

இக்களத்தின் செறிவைக் காண்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. காரைதீவிலிருந்து வடக்கே பெரியநீலாவணை வரையிலான நெடுஞ்சாலை ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளமுடையது. அதன் இருபுறமும் தோன்றிய எழுத்துக்களைக் கொண்டே ஓர் ஆண்டு வாசிப்பை நிரப்பிவிடலாம். தெற்கு முனையில் காரைதீவு, 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். பழந்தமிழரின் யாழ் என்ற நரம்புக் கருவியின் அமைப்பையும் பண்களின் கணக்கையும் ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' அவர் மறைந்த 1947ஆம் ஆண்டிலேயே அரங்கேறியது. அது எளிதில் வாசித்து முடிக்கத்தக்க நூலன்று. இசைக் கணிதத்தில் பயிற்சியில்லாதவர் அதன் பல பக்கங்களில் திணறவே செய்வர். எனினும் 780 என்ற எண்ணுடைய தட்டை ஒருபோதும் நெருங்காத வாசகரை அங்கே அழைத்துச் செல்ல, பக்கத்து ஊர்க்காரர் என்ற ஒரு காரணம் போதும்.

வடக்கே கல்முனையில், கவிஞரும் மொழியியலாளருமான எம்.ஏ. நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இலும், 'மழை நாட்கள் வரும்' 1983இலும் வெளிவந்தன; இடையில் 1981இல் வந்த அவரது 'பாலஸ்தீனக் கவிதைகள்', மஹ்மூத் தர்வீஷ் முதலியோரைத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பு. அதே கல்முனையைச் சேர்ந்த சோலைக்கிளி, 1985இல் 'நானும் ஒரு பூனை', 1988இல் 'எட்டாவது நரகம்', 1991இல் 'காகம் கலைத்த கனவு' என அடுத்தடுத்து வெளியிட்ட தொகுப்புகளில், ஊர்ப்பேச்சையும் விலங்கு, பறவை, செடிகொடிகளையும் எதிர்பாராத விதமாகப் பிணைத்து முற்றிலும் வேறொரு கவிதை மொழியை உருவாக்கினார். இவ்விருவரையும் அடுத்தடுத்து வாசிப்பவர், ஒரே ஊரின் ஒரே காலத்துத் தமிழில் தெளிந்த பேச்சோட்டமும் கனவுத்தன்மையான படிமமும் எவ்வாறு பக்கத்தில் பக்கத்தில் வளரமுடிந்தது என்பதைக் காண்பார். உமா வரதராஜனின் 'உள்மன யாத்திரை' என்ற சிறுகதைத் தொகுதி 1988இல் வந்தது. நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் மருதூர்க் கொத்தனின் சிறுகதைகள் உண்டு. அதனையடுத்த பெரியநீலாவணையில், 1931 முதல் 1975 வரை வாழ்ந்த கவிஞர் நீலாவணன்.

இங்கே சுவடி ஆற்றுப்படையின் எல்லையையும் சொல்லவேண்டும். அது முஸ்லிம்களின் நூல்களைத் திரட்டும் நோக்குடையது என்பதால், விபுலானந்தரும் நீலாவணனும் உமா வரதராஜனும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். தொகுப்பாளரின் நோக்கம் அதுவே ஆகையால் இதனைக் குறையெனக் கொள்ளமுடியாது. பதிவில்லாமல் மறைந்துகொண்டிருந்த ஒரு மரபைப் பதிவு செய்வதே அன்றைய அவசரத் தேவையாக இருந்தது. ஆனால் வாசகர் அந்த எல்லையைத் தமது வாசிப்பின் எல்லையாகவும் ஆக்கிக்கொண்டால், போர்க்காலத்தில் அடுத்தடுத்த ஊர்களுக்கிடையே விழுந்த பிளவு அவரது புத்தகத் தட்டிலும் நிலைத்துவிடும். கிழக்கில் பரந்து வாசித்தல் என்பதன் முதற்படி, அயலூரின் நூலை எடுத்துப் பார்ப்பதாகவே இருக்கிறது.

அடுத்த வட்டங்கள் தாமே விரியும். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பரவலாக ஏற்கப்படுவது. எகிப்திலும் இந்தியாவிலும் நிகழும் அதன் சாகசங்கள் இன்றைய வாசகருக்கு நாவலைவிடப் பழங்கதையையே அதிகம் நினைவூட்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வெளிவந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தை நினைவூட்டும் அக்கிராமத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதும், அதனை முதலாளியும் அவர் செல்வாக்கும் எதிர்ப்பதும், சாய்ந்தமருது வாசகருக்குக் கடலின் எதிர்க்கரையில் நடந்த செய்தியாக மட்டும் தோன்றா. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவலான 'கம்பெரலிய'வை, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சிக்காக வாழ்ந்த எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழாக்கியுள்ளார்.

இவ்வளவையும் வாசித்த பின்னர் ஒன்றைத் தெரிவு செய்வது எவ்வாறு? தமிழில் இது ஒரு பழைய பூசல். க.நா. சுப்ரமண்யம், சுருக்கமாக க.நா.சு., தமக்குப் பிடித்த நூல்களை அறிமுகப்படுத்தி எழுதிய 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலிலும், பல ஆண்டுகளாக வெளியிட்ட சிறந்த நூற்பட்டியல்களிலும், தேர்ந்த வாசகரின் ரசனையே இறுதி அளவுகோல் என்ற நிலையை எடுத்தார். ரசனை என்பது ஒரு படைப்பின் சுவையை நுகர்ந்து உணரும் பயிற்சி பெற்ற உணர்வு. அதற்குக் காரணம் காட்டவேண்டிய கட்டாயமில்லை என்பது அவர் தரப்பின் சாரம். இலங்கையிலோ, 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதிய க. கைலாசபதி, தனிமனித ரசனையை மட்டும் ஆதாரமாகக் கொண்ட விமரிசனத்தைக் கடுமையாக மறுத்து, நூல் எந்தச் சமூகச் சூழலில் தோன்றியது, யாருடைய வாழ்வைப் பேசுகிறது என்ற வினாக்களை முன்வைத்தார். இருவரின் வழியினரும் பல ஆண்டுகள் சளைக்காமல் மோதிக்கொண்டனர். நுஃமான் 1987இல் வெளியிட்ட 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்', சமூக நோக்கையும் கலைநயத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்கத் தேவையில்லை என்ற பக்கம் சாய்வது.

சாதாரண வாசகருக்கு இப்பூசலில் இரு தரப்பும் பயன்படும். பிடித்தது என்று சொல்லும் உரிமை க.நா.சு. தந்தது, ஏன் பிடித்தது என்று தன்னையே கேட்கும் கடமை கைலாசபதி விட்டுச்சென்றது. காரணம் சொல்லப்படாத பட்டியல் சொன்னவரின் மதிப்பைக் கொண்டே நிற்கிறது; காரணம் மட்டும் நிறைந்து இன்பம் இல்லாத தெரிவோ, பரீட்சை விடைத்தாள் எழுதுவதற்குத்தான் உதவும். மேலும், சிறந்த நூலும் பிடித்த நூலும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 'யாழ் நூல்' இந்நெடுஞ்சாலையின் மாபெரும் நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைத் தமது மனத்துக்கு நெருங்கிய நூலென உண்மையாகச் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே.

நினைவின் போக்கும் இத்தெரிவில் தலையிடுகிறது. 'அசன்பேயுடைய கதை' வெளிவந்த அதே 1885இல், ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதைத் தம்மீதே சோதித்து எழுதிய ஆய்வை வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவரது கண்டுபிடிப்பு. இதன் விளைவாக, ஆண்டிறுதியில் தெரிவு செய்பவரிடம் கார்த்திகை, மார்கழியில் வாசித்த நூல் துலக்கமாகவும், தையில் வாசித்தது மங்கலாகவும் இருக்கும். தேசிய வாசிப்பு மாதமாகிய ஒக்டோபரில் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் கேட்கப்படும் 'உனக்குப் பிடித்த நூல்' என்ற கேள்விக்கு, அண்மையில் கைக்கு வந்த நூலே பெரும்பாலும் பதிலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நூலை முடித்த அன்றே இரண்டு வரி குறித்து வைப்பதும், தெரிவுக்கு முன் போட்டியில் எஞ்சிய இரண்டு மூன்றை மறுபடி வாசிப்பதும் இச்சாய்வைச் சரிசெய்யும். முதல் வாசிப்பில் கதை இழுத்துச் செல்லும். இரண்டாவதில் கதை தெரிந்திருப்பதால் மொழி மட்டுமே வாசகரைப் பிடித்து நிறுத்தவேண்டும்.

மறுவாசிப்பு இன்னொன்றையும் வெளிப்படுத்தும்: ஒரு நூலுக்கு முன்னர் வாசித்த நூல் அதற்கு வாசகரை ஆயத்தப்படுத்தியிருக்கிறது. நீலாவணனின் 'வேளாண்மை' இதற்கு நல்ல உதாரணம். கவிஞர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1982இல் நூலாக வந்த இக்காவியம், மட்டக்களப்புப் பகுதியின் வயல் வாழ்வைப் பாடுவது. நிலவுடைமையாளரான போடியார், அவருக்காக வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரன், சூடடிக்கும் களம் என்பன ஆண்டின் தொடக்கத்தில் இதனை எடுக்கும் இளம் வாசகருக்கு வெறும் அகராதிச் சொற்களாக இருக்கக்கூடும். 'கிராமத்து இதய'த்தின் பாடல்களில் அதே மண்ணின் ஓசை காதில் விழுந்த பின்னரும், மீரானின் முதலாளியைச் சந்தித்த பின்னரும் மீண்டும் எடுத்தால், உழைப்பவருக்கும் உடையவருக்கும் இடையிலான உறவு தெளிவாகத் துலங்கும். பேச்சு வழக்கைச் செய்யுளின் கட்டுக்குள் நெகிழாமல் நிறுத்திய திறமும் புலப்படும். தெரிந்த வாழ்வை மீண்டும் காணும் இன்பமும், தெரியாத கலைத்திறனைக் கண்டுபிடிக்கும் இன்பமும் ஒரே நூலில் கூடுவது அரிது. அவ்வகையில், மேலே சொன்ன நூல்கள் அனைத்துக்கும் நடுவே தெரிவுக்கு முதல் உரிமை கோரத்தக்கது 'வேளாண்மை'யே எனலாம். சோலைக்கிளியின் வாசகர்கள் இதனை ஒப்பமாட்டார்கள். அவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு.

இவ்வாறான பழைய பதிப்புகள் இன்று எளிதில் விலைக்குக் கிடைப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடிப் பக்கம் பக்கமாக எவரும் வாசிக்கத்தக்கதாகச் சேர்த்து வருகிறது. பொது நூலகங்களில், இருப்பது ஒரே பிரதியென்றால் அது பெரும்பாலும் இரவல் பகுதிக்கு வராமல் உசாத்துணைப் பகுதியிலேயே வைக்கப்படும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத அந்த நூலின் இரண்டாம் வாசிப்பை, நூலகத்தின் மேசையிலேயே, அது மூடும் நேரத்துக்குள் பல நாள்களாகப் பிரித்து முடிக்கவேண்டும்.