காலி இலை 40, ஆனா ஆறு பேர் உட்கார முடியல

போன மாசம் என் வீட்டு பேக்கப் பெட்டி திடீர்னு இழுக்க ஆரம்பிச்சுது. டிஸ்க்ல 6 சதவீதம் காலி. ஆனாலும் ஒரு வீடியோ காப்பி ஆகறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. ஏன்னு தேடினதுல கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

பெட்டியில ஓடுறது இசட்.எஃப்.எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல 2001-ல வேலை தொடங்கி, 2005-ல வெளிவந்த ஃபைல் சிஸ்டம். இது காப்பி-ஆன்-ரைட் வகை. அதாவது, இருக்கற டேட்டா மேலயே எழுதாது. ஒரு பிளாக் மாறினா, புது இடத்துல எழுதிட்டு, அதைக் காட்டற பாயின்டர்களையும் புதுசா எழுதும். நடுவுல கரண்ட் போனாலும் பழையது பத்திரம். ஸ்னாப்ஷாட் எதுவும் பிடிச்சு வைக்கலன்னா பழைய பிளாக் காலியாகும். வருஷக்கணக்கா இப்படியே ஓடினா, டிஸ்க் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

கல்யாணப் பந்தியை யோசிங்க. டிஸ்க்கை இசட்.எஃப்.எஸ் மெட்டாஸ்லாப்னு பெரிய துண்டுகளா பிரிக்கும். ஒவ்வொண்ணும் ஒரு சாப்பாட்டு ஹால். உங்க வீட்டு ஆறு பேரும் சேர்ந்து உட்காரணும். பழைய முறையில, மொத்தமா எங்க காலி அதிகமோ அந்த ஹாலுக்குத்தான் முன்னுரிமை. உள்ள போனா 40 இலை காலி, ஆனா இங்க ஒண்ணு, அங்க ரெண்டு. சரி, அடுத்த ஹால். இப்படி ஒவ்வொரு தடவை உள்ள நுழையறதும், அந்தத் துண்டோட ஸ்பேஸ் மேப்பை டிஸ்க்ல இருந்து படிச்சு மெமரியில ஏத்தற வேலை. எழுதறதுக்கு முன்னாடியே இவ்வளவு அலைச்சல்.

ஓப்பன் இசட்.எஃப்.எஸ்-ல இதைத் திருத்தினாங்க. எந்த அளவுல தொடர்ச்சியான காலி இடம் எத்தனை இருக்குன்னு ஒவ்வொரு ஸ்பேஸ் மேப்போடயும் ஒரு ஹிஸ்டோகிராம் சேமிச்சாங்க. முன்னுரிமையும் அதை வச்சே. இப்போ வாசல் போர்டுல ‘மொத்தம் 40’ இல்ல, ‘சேர்ந்தாப்ல 8’. உள்ள போகாமலே தெரிஞ்சிடும்.

எங்கயுமே சேர்ந்த இடம் இல்லன்னா? பிளாக்கைத் துண்டாக்கி கேங் பிளாக்கா எழுதும். குடும்பத்தைப் பிரிச்சு உட்கார வச்சு, யார் எங்கேன்னு சீட்டுல குறிச்சுக்கற மாதிரி. வேலை நடக்கும், ஆனா மெதுவா.

எவ்வளவு நல்ல போர்டு வச்சாலும், ஹால் நிரம்பி வழிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. நான் மூணு வருஷ ஸ்னாப்ஷாட்டை அழிக்காம வச்சிருந்தேன். அழிச்சேன், பெட்டி மூச்சு விட்டுச்சு. நீங்களும் ‘இசட்பூல் லிஸ்ட்’ அடிச்சு, ஃப்ராக் காலத்தைப் பாருங்க. அது உங்க ஃபைல்கள் சிதறினதைச் சொல்லல, காலி இடம் சிதறினதைச் சொல்லுது. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.