இல்லாத வசதிக்கு ரிப்பேர் கிடையாது

வீட்டு உபயோகத்துக்கென்று கடைகளில் விற்கும் விண்டோஸ் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது 'ஹோம்' பதிப்பு. 'ப்ரோ' பதிப்பில் உள்ள பல வசதிகள் இதில் கிடையாது. ஹோம் லேப்டாப்பிலிருந்து வேறொரு கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நுழையலாம். வெளியிலிருந்து அதே வழியில் இந்த லேப்டாப்புக்குள் நுழைய முடியாது. 'குரூப் பாலிசி எடிட்டர்' என்ற நிர்வாகக் கருவியும் இல்லை. அதைத் திறக்க முயன்றால், அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்திதான் திரையில் வரும். உங்கள் பதிப்பில் இது சேர்க்கப்படவில்லை என்று அது சொல்வதில்லை. வாங்கியவர் லேப்டாப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, உதவி மையத்துக்கு போன் செய்கிறார். அலைக்கழிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நிலையில் பேசும் ஊழியரின் கையில் பெரும்பாலும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். ரீஸ்டார்ட் செய்யுங்கள், அப்டேட் போடுங்கள், கடைசியில் ரீசெட் செய்யுங்கள் என்று அது நீளும். ரீசெட் செய்தால் திரும்ப வருவது அதே ஹோம் பதிப்புதான். போட்டுவைத்த மென்பொருள்கள் போனதுதான் மிச்சம். லேப்டாப் நிறுவனம் 'இது மென்பொருள் விஷயம், மைக்ரோசாஃப்டைக் கேளுங்கள்' என்று சொல்லும். லேப்டாப்போடு சேர்ந்து வரும் விண்டோஸின் உரிம ஒப்பந்தமோ, உதவிக்குத் தயாரிப்பாளரை அணுகச் சொல்கிறது. இதில் ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருளை விற்றபோது சொல்லியிருக்க வேண்டியதை, விற்ற பிறகு சொல்லும் சுமை அவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. கோளாறு உதவி மையத்தில் இல்லை, விற்பனையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

இது புதிய கதையும் அல்ல. 2006இல் 'விஸ்டா கேப்பபிள்' என்ற ஸ்டிக்கருடன் விற்ற கணினிகள் பலவற்றில் விண்டோஸ் விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடியது. விளம்பரத்தில் மின்னிய ஏரோ திரைத்தோற்றம் வரவில்லை. 2007இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 2008இல் அது கூட்டு வழக்காக ஏற்கப்பட்டாலும், 2009இல் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ்' லேப்டாப்புகளை அறிவித்தபோது, திரையில் பார்த்ததைப் பதிந்துவைத்துப் பின்னர் தேட உதவும் 'ரீகால்' என்ற வசதி முதன்மையாக முன்வைக்கப்பட்டது. பாதுகாப்பு வல்லுநர்களின் எதிர்ப்பால் அது தள்ளிப்போனது. ஜூன் 18 அன்று லேப்டாப்புகள் விற்பனைக்கு வந்தன. ரீகால் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 2025 ஏப்ரலில்தான். தள்ளிவைத்தது சரியான முடிவு. ஆனால் அந்த வசதியை நம்பி வாங்கியவருக்கு, இடைப்பட்ட மாதங்களில் எந்த உதவி மையத்தாலும் அதைத் தந்திருக்க முடியாது.

'விவரமெல்லாம் இணையத்தில் இருக்கிறது, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்' என்பார்கள். தனக்கு எது தேவை என்று வாங்குபவர் யோசிக்க வேண்டும் என்பது நியாயம். ஆனால் விலைச்சீட்டில் ராம், ஸ்டோரேஜ், பிராசஸர் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க, பதிப்பு 'விண்டோஸ் 11 ஹோம்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் எவையெல்லாம் இல்லை என்பதை யாரும் ஊகித்துவிட முடியாது. 'எல்லா வசதியும் கொடுத்தால் விலை ஏறுமே' என்பது அடுத்த வாதம். எல்லாவற்றையும் கொடுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. பெட்டியில் நான்கு வரி அச்சிடுவதால் விலை ஏறிவிடாது.

நம் நாட்டுச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. ஆகவே வாங்கும் முன் பதிப்பின் பெயரைக் கேளுங்கள். உங்களுக்குத் தேவையான வசதி அதில் உண்டா என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். உண்டு என்று சொல்லி விற்ற வசதி இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.