சாக்ஸபோனில் வந்த கமகம்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஜெஞ்சாரோம் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தும் அந்தக் காது மாறவில்லை. நாம் பள்ளிப் பிள்ளைகளாக இருந்த 1994-இல் 'டூயட்' படம் வந்தது. பிரபு கையில் வளைந்த பித்தளைக் குழல். வாத்தியம் வெள்ளைக்காரருடையது, கேட்டதோ நம் ராகம்! திரைக்குப் பின்னால் அதை வாசித்தவர் கத்ரி கோபால்நாத்.

1949-இல் மங்களூர் வட்டாரத்தில் பிறந்தவர். தந்தை தனியப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனும் அதையே கற்றார். ஒருநாள் மைசூர் அரண்மனை பேண்டு வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டார். மனம் அதிலேயே நின்றுவிட்டது.

இதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். நாதஸ்வரத்தின் துளையை விரலே மூடுகிறது. விரலைச் சற்றே தூக்கினால் சுரம் வழுக்கி அசையும், அதுதான் கமகம். பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனிலோ துளைகளை மூடுபவை விசை மூடிகள். படிக்கட்டில் ஏறி இறங்கலாம், சறுக்க முடியாது என்பது போல. விரலால் ஆகாததை உதட்டாலும் நாக்காலும் மூச்சாலும் செய்ய வேண்டும். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, இதைக் கைவசமாக்க அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. மூன்று மாதத்தில் கீபோர்டு வகுப்பை விடும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டோம்!

1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவரைக் கேட்டு, சேர்ந்து வாசிக்க விரும்பினார். ஜாஸ் யாருடைய இசை தெரியுமா? பருத்தி, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தோர் வளர்த்த இசை. மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது அதன் உயிர். நம் கற்பனை சுரத்துக்கு உறவு என்றே சொல்லலாம். பிறகு பெர்லின், பிராக் ஜாஸ் விழாக்களிலும், 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்திலும் வாசித்தார். கச்சேரிகளில் ஏ. கன்யாகுமரியின் வயலின் இவருக்குத் துணையாக ஒலித்ததுண்டு. 2004-இல் பத்மஸ்ரீ. 2008-இல், இந்திய வம்சாவளி அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுடன் 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டு. 'உறவினர்' என்று பொருள்.

2019 அக்டோபர் 11-இல் மங்களூரில் காலமானார். 'டூயட்' வாசிப்பை மறுபடி கேட்க வாய்த்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவர் எப்படிப் போகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். விரல் எங்கே நிற்கிறது, மூச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.