ஏலமலையில் ஆராய்ச்சி நிலையமும் தோட்டக்காரரும்

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. இங்கு உடும்பஞ்சோலை வட்டத்தில், நிழல்மரங்களின் கீழே ஏலச்செடி பரந்து கிடக்கிறது. தோட்ட வேலையாட்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வருபவர்கள். விளைந்த காயிலும் ஒரு பகுதி போடிக்கே இறங்கி விலைபோகிறது. (ஏலத்தை ஏலம் போடுவது என்றால் பிற ஊரார் நகைப்பர், போடியில் எவரும் நகைப்பதில்லை.)

இம்மலையில் பாம்பாடும்பாறை என்னுமிடத்தில் 1956-இல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. 1972-இல் கேரள விவசாயப் பல்கலைக்கழகம் செயற்படத் தொடங்கியபொழுது அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. மைலாடும்பாறையில் 1978-இல் மத்திய சர்க்காரின் ஏலக்காய் போர்டு மற்றோர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. அப்போர்டின் பணியை 1987 முதல் ஸ்பைசஸ் போர்டு நடத்தி வருகிறது.

ஆயினும், இன்று இம்மலையில் மிகுதியாகப் பயிராகும் ‘ஞள்ளானி’ இனம் இவ்விரு நிலையங்களிலும் தோன்றியதன்று. கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி தம் தோட்டத்தில் கண்டெடுத்தது அது. ஏலப்பூவில் சூலகமுடி மகரந்தப்பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், தேனீ வந்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. இதனைக் கண்ணால் பார்த்தறிந்த அவர், தேர்ந்த செடிகளைச் சுற்றி வலை கட்டி, உள்ளே தேனீக்களை விட்டு அவற்றுள் மகரந்தச் சேர்க்கை நிகழச் செய்தார். அதனால் விளைந்த விதைகளை முளைக்க வைத்துச் சிறந்ததைப் பொறுக்கியெடுத்து, அதன் கிழங்கைப் பிரித்து நட்டார். விதையிற் பிறந்த செடிகள் தாயினின்று வேறுபடும். கிழங்கிற் பிறந்தது மாறாது. 1980-களில் ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கும் குறைவாயிருந்த இந்திய சராசரி விளைச்சலோடு ஒப்பிடுகையில், நன்கு பேணிய தோட்டங்களில் இவ்வினம் பன்மடங்கு தந்தது. தேசியப் புத்தாக்க நிறுவனம் அவரைப் பாராட்டிக் கௌரவித்தது. எனினும், விவசாயி உருவாக்கிய இனத்துக்கு உரிமை வழங்கும் சட்டம் 2001-இல்தான் இயற்றப்பெற்றது. அதற்குள் ஞள்ளானியின் கிழங்கு கைமாறி மலையெங்கும் சென்றுவிட்டது.

தோட்டக்காரரால் ஆனது அது. அவரால் ஆகாததும் உண்டு. ஒரே தாய்ச்செடியின் வழிவந்த பயிர் மலையை மூடினால், அதனைத் தாக்கும் நோய் எங்கும் தாக்கும். அசுவினி பரப்பும் ‘கட்டே’ என்னும் தேமல் நோயின் வைரஸ் கிழங்கோடு சேர்ந்தே தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் அடிக்கடி மருந்து தெளித்தால், காயில் நஞ்சு தங்கி அயல்நாட்டுச் சந்தையில் சரக்கு தடைபடும். ஆகவே நோயற்ற தாய்த்தூரைச் சோதித்தறிந்து கொடுப்பதும், விளைச்சல் குறைவென்று பிடுங்கப்பட்ட மலபார், மைசூர், வழுக்கை வகைகளைச் சேகரித்துக் காப்பதும் நிலையங்களின் கடன். லாபமில்லாத இக்காரியத்தைத் தனியொரு தோட்டக்காரர்மேல் சுமத்துவது நியாயமன்று.

2024-ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் வறட்சியால் பெருஞ்சேதமுற்றன. இத்தகைய கோடையிலும் வாடாது நிற்கும் தூர் எங்கேனும் தென்படுமாயின், அதனை முதலில் காண்பவர் விஞ்ஞானியாக இரார். களை பறிக்கும் பெண்ணாகவோ மேஸ்திரியாகவோ இருப்பார். களப்பணியாளர் அவரிடம் தமிழிலோ மலையாளத்திலோ கேட்டறிந்து, தூர் நின்ற இடத்தையும் கண்டவர் பெயரையும் குறித்துக்கொண்டு, ஒரு கிழங்கைப் பாம்பாடும்பாறைக்கு அனுப்பலாம்.